ஐஸ் கம்பெனிச் சத்தத்துக்கு ஒரு பெட்டி

தையலக்கா கல்யாணமாகி வந்த முதல் நாளே அந்தச் சத்தத்தோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. புருஷன் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். கம்பெனி கொடுத்த வீடு, கம்ப்ரஸர் ஓடுகிற கொட்டகையை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் ராத்திரி பகல் பார்க்காமல் 'தும்... தும்... தும்...' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பாதியைத்தான் காதால் கேட்கலாம், மீதியை உள்ளங்காலாலும் கடைவாய்ப் பல்லாலும் கேட்க வேண்டும். அலமாரியில் அடுக்கிய தட்டுகள் சதா சளசளக்கும். தட்டுக்குத் தட்டு நடுவே வெட்டுத் துணியை மடித்து வைத்து அவற்றின் வாயை அடைத்தாள். குடிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தால் டம்ளருக்குள் வட்ட வட்டமாக அலை ஓடும்.

"இது வீடா, மிஷினோட வயிறா?" என்று கேட்பாள்.

"அது ஓடினாத்தான் நம்ம வயிறு நிறையும்," என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும். பேச்சை வளர்க்கத் தெரியாத மனுஷன்.

அவர் தூக்கம் ஒரு தனிக் கதை. ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். பக்கத்தில் தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுதாலும் அசைய மாட்டார், இடி இடித்தாலும் புரள மாட்டார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றதோ, போச்சு. சத்தம் நின்றுவிட்டது என்பது அவள் புத்திக்கு எட்டும் முன்பே அவர் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி வாசலில் நிற்பார். கரண்ட் போனாலும் அப்படித்தான், பெல்ட் அறுந்தாலும் அப்படித்தான். அது அவர் ஷிப்டா, வேறொருவர் ஷிப்டா என்றெல்லாம் கிடையாது. ஒருமுறை காய்ச்சலில் நிற்கக்கூட முடியாமல் கிடந்தவர், மிஷின் நின்றதும் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார்.

"நான் கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டீங்க. அது கூப்பிடாம இருந்தா எழுந்திருப்பீங்க," என்று அவள் பொருமுவாள். அவர் போய், என்னவோ செய்து, மறுபடி 'தும்... தும்...' ஆரம்பித்ததும் திரும்பி வருவார். இருட்டில் அவள் விழித்திருப்பது அவருக்குத் தெரியும். "ஓடுது. தூங்கு," என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்தது அந்த இரண்டு வார்த்தையாகத்தான் இருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அவள் ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். அதனால்தான் எல்லோருக்கும் அவள் தையலக்கா. பிள்ளையைக் கண்ணால் பார்த்தே தோளளவு சொல்லுவாள். வளர்கிற பிள்ளைகளாயிற்றே என்று ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுவைப்பாள். அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அந்தத் தாராளத்துக்காகவே அம்மாக்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது வாதம் அடித்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையும் போய்விட்டது. புது ஆபரேட்டருக்கு வீடு வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். துணிக்கடையில் பில் போடுகிற மகள், மூன்றாவது மாடியில் தான் இருந்த சின்ன வீட்டுக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாடியில் ஒரு சத்தம் கிடையாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை உண்மைதான். வந்த புதிதில் தையலக்கா காது குளிரத் தூங்கினாள். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அந்த அமைதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். பக்கத்துக் கட்டிலில் அவர் கண்ணைத் திறந்தபடி கிடந்தார்.

முதலில் நோயின் கோளாறு என்றுதான் நினைத்தாள். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து 'ம்ம்... ம்ம்...' என்று ஒரு முனகல். விளங்குகிற இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே இருப்பார். உள்ளங்கையை அழுத்தி வைப்பார், காத்திருப்பார், கொஞ்சம் தள்ளி வைப்பார், மறுபடி காத்திருப்பார். கண்ணில் ஒரு கலவரம். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் வாயில் எச்சில் வடிந்ததே தவிரக் கண் மூடவில்லை. முனகல் வரவர உரத்தது. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "தப்பா நினைக்காதீங்க, நாங்களும் காலையில வேலைக்குப் போகணும்," என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அன்றைக்கு மகள் சோற்றைப் பிசைந்தபடியே, தட்டைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, இவங்கள மாதிரி ஆளுங்களப் பார்த்துக்க ஹோம் இருக்கு. நர்ஸ் எல்லாம் இருப்பாங்க."

"இவங்கள மாதிரின்னா? உங்கப்பாடி அவரு."

"நீங்க என்ன ஆகிட்டீங்கன்னு கண்ணாடியில பார்த்தீங்களா? ரெண்டு பேரையும் இழந்துட்டு நான் நிக்கணுமா?" மகள் அழுதுவிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் சேர்த்துடலாம்மா."

தையலக்கா மகளின் தட்டில் ரசம் ஊற்றினாள். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் லாரி ஒன்று கீழே வந்து, எஞ்சினை அணைக்காமலே நின்றது. ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கியது. முனகல் சட்டென்று நின்றதைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வேறு என்னவோ என்றுதான் பதறி வந்தாள். அவர் உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது. கண் சொருகிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். லாரி கிளம்பிப் போனதும் பொசுக்கென்று விழித்து, எழ முடியாத உடம்பை எழுப்பப் பார்த்தார்.

மிஷின் நின்றுபோயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இங்கே வந்த நாளிலிருந்து மிஷின் நின்றே கிடக்கிறது, அதைப் போய்ப் பார்க்க முடியவில்லையே என்று மனுஷன் தவித்துக்கொண்டிருக்கிறார். அது புரிந்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் பரிதவித்த அந்த அமைதியில்தானே அவள் குறட்டை விட்டிருக்கிறாள்!

மகளுக்கு லீவு கிடைத்த நாளில் பஸ் பிடித்து ஐஸ் கம்பெனிக்குப் போனாள். புது ஆபரேட்டர் ஒரு காலத்தில் அவர் கையில் எண்ணெய்க் கேன் எடுத்துக் கொடுத்தவர்தான்.

"சத்தத்தப் பதிவு பண்ணணுமா? அக்கா, நீங்க இதத் திட்டாத திட்டா?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, கம்ப்ரஸர் மேடையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது போதும் என்று ஆபரேட்டர் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து போனை அவர் காதருகே வைத்தால், 'டிக் டிக் டிக்' என்று ஏதோ பூச்சி கத்துகிற மாதிரி இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனை ரேடியோக் கடைக்காரரிடம் போய் நின்றாள். அவர் கேட்டுவிட்டு, "அடிச்சத்தம் போன்ல வராதுக்கா. அதுக்கு சப்-ஊஃபர் வேணும்," என்று சொல்லி, யாரோ காரிலிருந்து கழற்றிப் போட்ட சாப்பாட்டுத் தட்டு அகல ஸ்பீக்கரைத் தூசி தட்டி எடுத்தார். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும் வைத்தார். ஸ்பீக்கரை மேஜையில் வெறுமனே போட்டு ஓட்டினார். அப்போதும் சவசவ என்றுதான் இருந்தது. அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு அதன் மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்தார். மேஜை 'தும்' என்றது. தையலக்காவுக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

"இது முன்னாடி ஒரு காத்தத் தள்ளும், பின்னாடி ஒரு காத்தத் தள்ளும். ரெண்டும் சந்திச்சா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். சத்தமே இருக்காது. ரெண்டையும் பிரிச்சு வைக்கத்தான் பெட்டி."

"மாமியாரையும் மருமகளையும் தனித்தனியா வைக்கிற மாதிரி."

"அதேதான். நடுவுல கதவு இடுக்குகூட இருக்கக் கூடாது. கெட்டிப் பலகையா இருக்கணும். பொட்டுக் காத்து வெளியே போச்சுன்னா பாடுபட்டதெல்லாம் வீண்." பெட்டியின் அளவை அவள் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிவிட்டார்.

தச்சுப் பட்டறையில் போய்க் கேட்டாள். "மிஷின்ல வச்சா ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலைதாம்மா. ஆனா கதவு ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. அடுத்த மாசம் வாங்க," என்றார் தச்சர். அடுத்த மாசம் புருஷன் ஹோமில் அல்லவா இருப்பார்! பலகை அறுக்கிற மிஷினை வீட்டுக்கு வரவழைக்கவும் வழியில்லை. எதிர்வீட்டில் ஒருநாள் சுவரில் துளை போட்டபோது, அந்தக் கிறீச்சில் அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, பொழுது சாய்ந்தும் அடங்கவில்லை. தையலக்கா பட்டறை வாசலை விட்டு நகராமல் நின்றாள். தச்சர் கடைசியில் ஒரு கை ரம்பம், உளி, அரம், சுத்தியல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்து, "விரல் பத்திரம்," என்றார். செய்து கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

மொட்டை மாடியில் யாரோ போட்டுவிட்டுப் போன அலமாரி ஒன்று கிடந்தது. கதவு நல்ல கனம். மகள் வேலையிலிருந்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்ததும் தையலக்கா மாடிக்கு ஏறிவிடுவாள். தையல் சாக்கட்டியால் பலகையில் கோடு போட்டாள். கோடு என்னவோ அச்சில் வார்த்த மாதிரி விழுந்தது. அறுப்பதுதான் உயிரை எடுத்தது. ரம்பம் போகிற போக்கில் போனது, பலகை நகர்ந்தது. மேலே ஏறி முழங்காலால் அமுக்கிக்கொண்டு அறுத்தாள். கொப்புளம் வந்தது, உடைந்தது, அதன் மேல் இன்னொன்று வந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "உன்னத் திட்டினதுக்கு நல்லாத்தான் பழி வாங்குற," என்று ஐஸ் கம்பெனி மிஷினோடு பேசிக்கொண்டே அறுத்தாள்.

எல்லாப் பலகையும் அறுத்து முடித்து ஒன்றோடொன்று நிறுத்திப் பார்த்த அன்று அவளுக்குப் பகீரென்றது. எதுவும் எதோடும் சேரவில்லை. உள்ளே அடங்க வேண்டிய பலகை வெளியே துருத்தியது. இரண்டு மூலையில் விரல் போகிற சந்து. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அளவு சரியாத்தானே சொன்னேன்? ஏன்கா எல்லாத்துலயும் அரை விரல் கூட இருக்கு?"

"பிடிப்புக்கு விடணுமே," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"தையல் பிடிப்புக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பழக்க தோஷம். எந்த அளவைக் கேட்டாலும் அவள் கை தானாகக் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டும். துணியென்றால் கூடின துணி உள்ளே மடங்கிக்கொள்ளும். மரம் மடங்குமா? துணிக்குத் தடிமன் கிடையாது, பலகைக்கு உண்டு என்பதையும் மறந்துபோனாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "இது தைச்சுட்டுத் திருப்பிப் போடுற சட்டை இல்லக்கா," என்றார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மாசம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் அறுக்கக் கையில் தெம்பில்லை.

சட்டை அக்குளில் துணி பற்றாவிட்டால் என்ன செய்வாள்? ஒட்டுப் போடுவாள். அதையே செய்தாள். துண்டுப் பலகையைச் சன்னமாகச் சீவி, சந்தில் செருகி, பசை ஊற்றினாள். மரத்தூளைப் பசையில் குழைத்து உள்மூலையெல்லாம் அப்பினாள். துருத்தின விளிம்பைத் துருத்தட்டும் என்று விட்டுவிட்டாள். இறுக்கிப் பிடிக்கிற சாமான் ஏது அவளிடம்? நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினாள். மேலே தையல் மிஷினைத் தூக்கி வைத்தாள். ஸ்பீக்கருக்கு வட்டமான வாய் வேண்டும். ஊசியையும் நூலையும் வைத்து வட்டம் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே நெருக்க நெருக்கமாக ஆணி அடித்து அடித்துப் பிடுங்கினாள். ஓட்டைகள் வரிசையாக விழுந்ததும் உளியால் தட்டி நடுப்பலகையைப் பெயர்த்தாள். விளிம்பை அரத்தால் ராவி முடித்தபோது அந்த வட்டம் அவ்வளவு ஒன்றும் வட்டமாக இல்லை. பழைய தலையணைப் பஞ்சை உள்ளே அடைத்து, ஸ்பீக்கரை முடுக்கி, விளிம்போரம் முழுக்கப் பசை பூசினாள்.

காய்ந்ததும் ஒரு மெழுகுவர்த்தியை மூலை மூலையாகக் காட்டினாள். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி மகள் ஸ்பீக்கர் தட்டை மெல்ல அமுக்கினாள். ஒட்டுப் போட்ட மூலையில் சுடர் ஒருமுறை சாய்ந்தது. அங்கே மறுபடி பசை. அடுத்த தடவை சுடர் அசையவில்லை. மகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ரொம்ப அசிங்கமா இருக்கும்மா," என்றாள். அப்புறம் அம்மாவின் கையை விரித்துப் பார்த்தாள்.

கட்டிலோரம் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்து, அதன் மேல் தண்ணீர் டம்ளர் ஒன்றை வைத்தாள். போனை ஆம்ப்ளிஃபயரில் செருகி ஓட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். தரை லேசாக அதிர்ந்தது. தும்... தும்... தும்... டம்ளருக்குள் வட்ட வட்டமாக அலை ஓடியது. அவர் முனகல் நின்றது. இடது கை சுவரைத் தேடிப் போய்ப் பதிந்தது. பிறகு முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாதம் அடித்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. வாயின் நல்ல பாதி ஏதோ சொல்லப் போய் முடியாமல் நின்றது. என்ன சொல்ல வந்தார் என்று அவளுக்குத் தெரியும். அவர் தூங்கினார். அவள் தூங்கவில்லை. திட்டித் தீர்த்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நல்லபடியாக நின்று மிஷினைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

ஒரு சிக்கல் இருந்தது. பதிவு முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கணம் இடைவெளி விழும். அந்த ஒரு கணத்துக்கே அவர் கண் திறந்து தலையைத் தூக்கிவிடுவார். கடைக்காரர் வெட்டி ஒட்டி என்னவோ செய்து அந்த இடைவெளியை எடுத்துக் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் வந்து, "மேல ஏதாவது மோட்டார் ஓடுதா?" என்று கேட்டார். அவள் உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். அவர் பெட்டியையும் பார்த்தார், தூங்குகிறவரையும் பார்த்தார். "முன்ன இருந்ததுக்கு இது தேவலைங்க. நாங்களும் தூங்கிடுறோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசக் கடைசி வந்தது, போனது. மகள் ஹோம் பேச்சை எடுக்கவேயில்லை. அவர் சாப்பிட்டார், தூங்கினார், விழித்திருக்கும்போது சில நேரம் அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. டாக்டர் அதைப் பற்றி மகளிடம் தனியாகப் பேசினார். தையலக்காவிடம் யாரும் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. அவள் அளவு பார்க்கிற கண்ணுக்குத் தெரியாததா?

ஒரு மத்தியானம். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. வாயைத் துடைத்துப் படுக்க வைத்தாள். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சீருடைச் சட்டைக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கரண்ட் போனது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. பெட்டி ஊமையானது.

அவள் ஊசியைப் பிடித்தபடியே பேசினாள். "ஒண்ணுமில்லங்க, கரண்டுதான் போயிருக்கு. இப்ப வந்துடும். நீங்க எழுந்திருக்க வேணாம்."

கட்டிலில் சத்தமில்லை. நல்ல அசதி போலிருக்கிறது என்று அவள் மனசு ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூடச் செய்தது. பொத்தானைக் கட்டி முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். கடித்த நூல் வாயிலேயே நின்றது. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்தவர். வாதம் அடித்துக் கிடந்தபோதும் தலையைத் தூக்கியவர். மிஷின் நின்று இவ்வளவு நேரமாகிறது.

"என்னங்க," என்றாள். பிறகு, "இந்தாங்க, மிஷின் நின்னுடுச்சுங்க," என்றாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். இடது கை சுவரிலிருந்து நழுவி மெத்தை மேல் விரிந்து கிடந்தது. கண் மூடியிருந்தது. நெற்றியில் அந்தக் கலவரம் கொஞ்சமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கரண்ட் வந்தது. மின்விசிறி முனகிச் சுழல ஆரம்பித்தது. பெட்டி ஒருமுறை 'டுப்' என்று விழித்துக்கொண்டு, மறுபடி ஓடத் தொடங்கியது. டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அவள் எழுந்து போய், அதை அணைக்கக் கையை நீட்டி, அணைக்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள்.

"ஓடுதுங்க," என்றாள். "தூங்குங்க."